ஊசி போடும் முன் பெயரைக் கேட்கிறார்களா?

ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதியது சரியான மருந்தாகவே இருக்கலாம். அது கட்டிலில் இருக்கும் நோயாளியிடம் வந்து சேர்வதற்குள் ஆள் மாறலாம், அளவு மாறலாம், வேளையும் மாறலாம். பணக்கார நாடுகளும் இதற்கு விலக்கல்ல.

2007-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், ஹாலிவுட் நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கு 10 யூனிட் வீரியமுள்ள ஹெப்பாரினுக்குப் பதில் 10,000 யூனிட் வீரியமுள்ளதைச் செலுத்திவிட்டார்கள். இரண்டு குப்பிகளும் ஒரே சாயலில் இருந்தன. குழந்தைகள் பிழைத்தது பெரும் பாக்கியம். மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுதோறும் 4,200 கோடி டாலர் நஷ்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மதிப்பிட்டது.

ஐந்து சரிகள்

நர்ஸ் பயிற்சியில் முதலில் சொல்லித் தரும் பாடம் இது: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான வேளை. இவற்றில் ஒன்று பிசகினாலும் ஆபத்துத்தான். பொட்டாசியம் குளோரைடை டிரிப்பில் கலந்து மெதுவாக ஏற்றினால் மருந்து. கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒரு முறைக்கு உரியது. தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு.

வீட்டில் இன்சுலின் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும்.

இனிஷியலும் 'கல்'லும்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் இரண்டு சங்கடங்கள். முதலாவது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆஸ்பத்திரி கவுண்டரில் இனிஷியலை விரித்து எழுதும்போது தகப்பனார் பெயர் நோயாளியின் பெயராகிவிடும். ஒரே வார்டில் இரண்டு முருகன்கள் படுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே ஆதார் அட்டையில் உள்ளபடியே பெயரைப் பதியச் சொல்லுங்கள். பெயரோடு பதிவு எண்ணையோ பிறந்த தேதியையோ சரிபார்ப்பதே முறை. கட்டில் எண்ணை நம்பக் கூடாது, கட்டில் மாறும்.

இரண்டாவது மொழி. இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். ஊசி போட்டாயிற்றா, இனிமேல்தானா என்ற குழப்பம் அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடும். தேதியைக் கேளுங்கள். மருந்தைக் கையில் வாங்கும்போது, "யே தவா கிஸ் லியே ஹை?" (இந்த மருந்து எதற்கு?) என்று கேட்கத் தயங்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

* இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். நாட்டு மருந்து இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

* பென்சிலின் போன்ற எந்த மருந்தாவது ஒவ்வாது என்றால், அதை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிப் பையில் வையுங்கள்.

* 'நீங்கள் முருகன்தானே?' என்று கேட்டால் தலையாட்டாதீர்கள். முழுப் பெயரை நீங்களே சொல்லுங்கள்.

* மாத்திரையின் நிறமோ எண்ணிக்கையோ மாறியிருந்தால், விழுங்கும் முன் கேளுங்கள்.

* நர்ஸ் மருந்து எடுக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

* வீடு திரும்பும் நாளில், எந்த மாத்திரை எந்த வேளை, எத்தனை நாள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மருந்தால் தீங்கு நேர்ந்தால் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தர ஆணையத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். பொதுமக்களும் சொல்லலாம்.

தவறு நடந்துவிட்டால் நர்ஸின் மீது பாய்வதால் பயனில்லை. ஒருவரே பல கட்டில்களைக் கவனிக்கும் இடத்தில், ஒரே சாயலில் குப்பிகள் அடுக்கியிருந்தால், எத்தனை கெட்டிக்காரர் கையும் தவறும். குப்பிகளைப் பிரித்து வைப்பதும், அபாயமான மருந்தை இருவர் சரிபார்ப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. கேள்வி கேட்பது நம் பொறுப்பு. அதற்குக் கோபிக்கும் ஆஸ்பத்திரியைவிட, நின்று பதில் சொல்லும் ஆஸ்பத்திரியே நல்ல ஆஸ்பத்திரி.