உங்களுக்குத் தெரியுமா? ஆயுள் வேறு, ஆரோக்கிய ஆயுள் வேறு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகக் கோயிலில் வைத்தியநாத சுவாமி முன் நிற்பவர்கள் வெறும் ஆயுளைக் கேட்பதில்லை. நோய்நொடி இல்லாத ஆயுளைக் கேட்கிறார்கள். அதை அளக்கவும் ஒரு கணக்கு உண்டு.

1971இல் டேனியல் சல்லிவன் என்ற ஆய்வாளர் இதற்கு எளிய வழி ஒன்றை வகுத்தார். ஒவ்வொரு வயதிலும் மக்கள் வாழும் ஆண்டுகளில், உடல்நலம் முடங்கிய பங்கைக் கழித்து, மிச்சத்தைக் கூட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நோயின் கடுமையையும் பார்க்கிறது: பார்வை இழப்புக்கு அதிகம் கழியும், லேசான மூட்டுவலிக்குக் குறைவு. 2000இல் வந்த அதன் முதல் ஆரோக்கிய ஆயுள் பட்டியலில் ஜப்பானுக்கு முதலிடம், 74.5 ஆண்டுகள்.

அந்நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டில் இந்தியரின் ஆயுள் 70.8, ஆரோக்கிய ஆயுள் 60.3. இழந்த பத்தாண்டு முதுமையில் மட்டும் இல்லை, வாழ்நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. நெஞ்சை உறுத்துவது இன்னொன்று: பெண்கள் ஆண்களைவிட இரண்டரை ஆண்டுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தும், ஆரோக்கிய ஆண்டுகள் இருவருக்கும் ஏறக்குறைய சமம். கூடுதல் காலத்தை நலக்குறைவே தின்றுவிடுகிறது. அதனால்தான், 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருவது நம் பாட்டிமார்களுக்கு மிக அவசியமான உதவி.