செங்கல்லை வண்டியாக்கிய சிறுவன்

2007 அக்டோபர் மாதம். பாரிஸ் நகரில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் மோதின. தென்னாப்பிரிக்காவின் ஸ்விடே என்னும் குடியிருப்பில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் அந்தப் போட்டியைப் பார்ப்பதற்காக மதுக்கடை ஒன்றுக்குப் போனான். அவன் வீட்டில் தொலைக்காட்சி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்க அணித் தலைவராகத் தன் இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தவர் அவர்தான். பெயர் சியா கோலிசி.

ரக்பி நம் ஊர்களில் அதிகம் பார்க்கப்படாத விளையாட்டு. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும். ஓடுபவரை எதிரணியினர் மறித்துப் பிடித்துச் சாய்ப்பார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். கபடியில் ஏறிப் போகிறவரை மடக்கிப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் வேகம் எளிதில் புரியும். உடல் வலு இல்லாமல் ஆட முடியாத ஆட்டம். உடல் வலுவுக்குச் சோறு வேண்டும். கோலிசியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஊருக்கு வெளியே

ஸ்விடே, போர்ட் எலிசபெத் நகருக்கு வெளியே கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பு. அந்த நகரின் பெயர் இப்போது கெபெர்ஹா. நிறவெறி ஆட்சியில் வெள்ளையர் நகருக்குள் வாழ்ந்தார்கள். அவர்களுக்காக உழைத்த கறுப்பினத்தவர் நகருக்கு வெளியே வாழ்ந்தார்கள். இப்படிப்பட்ட அமைப்பை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கே 1991 ஜூன் 16 அன்று கோலிசி பிறந்தார். பிறக்கும் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிந்துவைத்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கியது அதற்கு அடுத்த நாள். சட்டம் போனது. பசி போகவில்லை. பெற்றோர் மிக இளம் வயதினர் என்பதால் தந்தைவழிப் பாட்டிதான் அவரை வளர்த்தார். பிறர் வீட்டுச் சமையலறைகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர் அந்தப் பாட்டி. பல நாட்களில் பள்ளியில் கிடைத்த உணவுதான் சிறுவனுக்கு அன்றைய சாப்பாடு. பொம்மை வாங்கக் காசில்லை. ஒரு செங்கல்லை மண்ணில் தள்ளி, அதையே வண்டியாக நினைத்து விளையாடினார்.

யார் விளையாட்டு இது?

ரக்பி வெள்ளையர் விளையாட்டு என்பது தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த பொய். கோலிசி பிறந்த கிழக்கு கேப் பகுதியில், மிஷன் பள்ளிகள் வழியாகக் கறுப்பின மக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ரக்பி ஆடத் தொடங்கிவிட்டார்கள். தங்களுக்கென மன்றங்களை அமைத்தார்கள், போட்டிகளை நடத்தினார்கள். ஆனால், ‘ஸ்பிரிங்பாக்’ எனப்படும் தேசிய அணியின் கதவு அவர்களுக்கு மூடியே இருந்தது. 1981இல்தான் எரோல் டோபியாஸ் வெள்ளையர் அல்லாத முதல் வீரராக அந்த அணியில் ஆடினார். நிறவெறி நாட்களில் கறுப்பின மக்கள் பலர், தங்கள் நாட்டு அணி தோற்க வேண்டும் என்று எதிரணிக்குக் கைதட்டியதுண்டு. தங்களைச் சேர்க்காத அணியைத் தங்கள் அணி என்று எப்படிச் சொல்வார்கள்?

1995இல் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையை வென்றபோது, நெல்சன் மண்டேலா அணித் தலைவரின் ஆறாம் எண் சட்டையை அணிந்து மைதானத்துக்கு வந்தார். உலகமே நெகிழ்ந்த காட்சி அது. ஆனால், அந்த அணியில் வெள்ளையர் அல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர் மட்டுமே.

மண்ணில் ஒரு மைதானம்

ஸ்விடேயில் டேன் கேகே மைதானம் இருக்கிறது. கறுப்பின ரக்பியை வளர்க்கப் பாடுபட்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய மைதானம். அரசு கட்டித் தராததால் மக்களே முயன்று உருவாக்கியது. அங்கே விளையாடிவந்த ஆப்பிரிக்கன் பாம்பர்ஸ் மன்றத்தில் எரிக் சொங்விக்கி என்ற ஆசிரியர் பயிற்சியளித்தார். சிறுவன் கோலிசியைக் கண்டெடுத்தவர் அவர்.

12 வயதில் மோசல் பே என்ற ஊரில் நடந்த சிறுவர் போட்டியில் கோலிசியின் ஆட்டம் கவனிக்கப்பட்டது. போர்ட் எலிசபெத்தின் புகழ்பெற்ற கிரே பள்ளியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. அதற்கு முன்பு தேர்வு ஆட்டம் ஒன்றில் விளையாட்டு உடை இல்லாமல் உள்ளாடையோடு ஆடியவர் அவர். புதிய பள்ளியில் ஆங்கிலம் புரியவில்லை. உடன் படித்த நண்பர் கற்றுக்கொடுத்தார். வேளாவேளைக்கு உணவு கிடைத்தது. காலணி கிடைத்தது. உடல் வளர்ந்தது, ஆட்டமும் வளர்ந்தது. இதற்கிடையே பதின்வயது முடிவதற்குள் பாட்டியையும் தாயையும் இழந்தார்.

2013 ஜூன் 15 அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முதலாகக் களமிறங்கினார். காயமடைந்த வீரருக்கு மாற்றாக வந்தவர், ஆட்ட நாயகன் விருதுடன் வெளியேறினார். அதன் பிறகும் சில ஆண்டுகள் பெரும்பாலும் மாற்று வீரர் இருக்கையில்தான் காத்திருந்தார். 2018இல் பயிற்சியாளர் ராஸி எராஸ்மஸ் அவரை அணித் தலைவராக்கினார். தென்னாப்பிரிக்கா முதல் சர்வதேசப் போட்டியில் ஆடியது 1891இல். ஒரு கறுப்பினத்தவர் அந்த அணிக்குத் தலைமை ஏற்க 127 ஆண்டுகள் ஆயின. அவர் அணிந்ததும் ஆறாம் எண் சட்டையே.

இரண்டு கோப்பைகள்

2019 நவம்பர் 2, ஜப்பானின் யோகோஹாமா. இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 32-12 என்ற கணக்கில் இங்கிலாந்தை வென்றது. தொடக்கத்தில் களமிறங்கிய பதினைந்து பேரில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். ‘ட்ரை’ எனப்படும் எல்லைக் கோட்டைத் தாண்டிய இரண்டு புள்ளி எடுப்புகளையும் செய்த மகாசோலே மபிம்பி, செஸ்லின் கோல்பி இருவருமே அந்த ஆறு பேரில் அடங்குவார்கள். வெற்றிக்குப் பின் பேசிய கோலிசி, மதுக்கடைகளிலும் பண்ணைகளிலும் இருந்து பார்த்தவர்களுக்கும், வீடற்றவர்களுக்கும், கிராமத்து மக்களுக்கும் நன்றி சொன்னார். 2007இல் தான் எங்கே நின்று போட்டியைப் பார்த்தோம் என்பதை அவர் மறக்கவில்லை.

2023 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. உலகக் கோப்பைக்கு வர மாட்டார் என்றே பலர் நினைத்தார்கள். நான்கே மாதங்களில் களம் திரும்பினார். அக்டோபர் 28 அன்று பாரிஸில் நியூசிலாந்தை 12-11 என ஒரு புள்ளியில் தென்னாப்பிரிக்கா வென்றது. தொடர்ந்து இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற அணித் தலைவர், அவருக்கு முன் நியூசிலாந்தின் ரிச்சி மெக்காவ் ஒருவரே.

புகழ் வந்த பிறகும் அவர் திரும்பிப் பார்த்தார். தாய் இறந்த பின் பிரிந்துபோன தம்பியையும் தங்கையையும் தேடிக் கண்டுபிடித்துத் தன் வீட்டில் வளர்த்தார். 2020இல் தொடங்கிய கோலிசி அறக்கட்டளை, கொரோனா காலத்தில் உணவு வழங்கியது. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராகவும் பணியாற்றிவருகிறது. சிறுவயதில் அந்த வன்முறையைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் அவர்.

கேட்க வேண்டிய கேள்வி

‘உழைத்தால் உயரலாம்’ என்று இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அறிய மபிம்பியைப் பார்க்க வேண்டும். அவரும் கிழக்கு கேப்பைச் சேர்ந்தவர், கிராமத்துப் பிள்ளை. கோலிசியைவிட ஒரு வயது மூத்தவர். உழைப்பில் குறைந்தவர் இல்லை. பெரிய ரக்பி பள்ளி எதிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் கோலிசி 21 வயதில் தேசிய அணிக்கு வந்தார். மபிம்பி வந்து சேர 27 வயதாகிவிட்டது. திறமை ஒன்றுதான். 12 வயதில் கிடைத்த ஒரு பள்ளி இடமும் நேரத்துக்குச் சோறும்தான் இருவருக்கும் இடையிலான ஆறு ஆண்டுகள்.

மபிம்பியாவது தாமதமாக வந்து சேர்ந்தார். வந்தே சேராதவர்கள் எத்தனை பேர்? டேன் கேகே மைதானத்தில் கோலிசியோடு ஓடிய சிறுவர்களில் அவரைவிட வேகமாக ஓடியவன் ஒருவனாவது இருந்திருப்பான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. கோலிசியைக் கொண்டாடும்போது மாணவர்கள் அந்தப் பெயர் தெரியாதவனையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவனும் செங்கல்லைத்தான் வண்டியாக ஓட்டியிருப்பான்.