ஒலிபெருக்கி காத்த ஊர்

கிராமத்தாருக்கு எந்தத் தகவல் தேவை? அதை எப்படி அவர்களிடம் சேர்ப்பது? 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் இந்த ஆய்வைத் தொடங்கியது. அதில் பிறந்தவைதான் கிராம அறிவு மையங்கள்.

உழவர்கள் விளைபொருள் விலை கேட்டார்கள். மீனவர்களுக்கு வேண்டியதோ கடலின் சேதி. நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை இணையத்தில் பார்த்து, கரையோர ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கட்டுமரம் தள்ளப் போகிறவருக்கு அதைவிட நல்ல ஆராய்ச்சி வேறென்ன வேண்டும்!

2004 டிசம்பர் 26. இப்படியொரு மையம் இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு: ஆழிப்பேரலை! பூட்டிக் கிடந்த மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் ஊரையே எச்சரித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. 3,000க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள்.