பன்றிக்குள் குடியேறும் குட்டைப் புழு

ஜெர்மனியில் வேட்டையாடிய காட்டுப்பன்றியை அப்படியே அடுப்பில் ஏற்ற முடியாது. முதலில் ஒரு துண்டுத் தசை ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே அதை அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அடியில் தங்கும் வண்டலை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தேடுவது டிரிக்கினெல்லா என்ற உருளைப்புழுவை. 1865-இல் ஹெடர்ஸ்லேபன் என்ற ஊரில் பன்றிக்கறி தின்று நூறு பேர் வரை இதனால் செத்தார்கள். அந்தப் பயம் இன்றும் சட்டமாக நிற்கிறது.

சில நேரம் வண்டலில் தேடாத ஒன்று நெளியும். அலாரியா அலாட்டா என்ற தட்டைப்புழுவின் இளம்பருவம் அது. அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இதன் பிழைப்பு குட்டையில் தொடங்குகிறது. முதலில் நத்தைக்குள் புகும், பிறகு தலைப்பிரட்டைக்கும் தவளைக்கும் மாறும். தவளையைத் தின்ற பன்றியின் தசையிலும் கொழுப்பிலும் போய்ப் பதுங்கும். அங்கே வளராது, சாகவும் சாகாது. அந்தப் பன்றியை நரி தின்றால்தான் முழுப் புழுவாகி முட்டையிடும். ஏரியும் சதுப்புமாகக் கிடக்கும் பிராண்டன்பர்க் மாநிலத்துப் பன்றிகளில் இது சிக்குவதில் ஆச்சரியமில்லை.

நரிக்கு இப்போது கூட்டாளி வேறு. கிழக்காசியாவின் ரக்கூன் நாயை ரோமத்துக்காக 1928 முதல் சோவியத்தின் மேற்குக் காடுகளில் ஆயிரக்கணக்கில் அவிழ்த்துவிட்டார்கள். நீர்க்கரையை விரும்பும் அந்த விலங்கு மேற்கே பரவி ஜெர்மனிக்குள்ளும் வந்து, பன்றி புரளும் அதே சதுப்பில் இந்தப் புழுவின் முட்டையைத் தூவித் திரிகிறது. யாரோ மேல்கோட்டுக்கு ஆசைப்பட்ட பலன்!

காட்டுப்பன்றிக்குள் குடியேறும் இன்னொரு புழுவான நுரையீரல் புழு வரும் வழி வேறு. பன்றியை வரவழைக்க வேட்டைக்காரர்கள் காட்டில் மக்காச்சோளம் போடுகிறார்கள். கூட்டம் ஒரே இடத்தில் மொய்த்தால் விட்டையும் அங்கேயேதான் விழும். விட்டையிலுள்ள முட்டையை மண்புழு விழுங்கும்; மண்ணைக் கிண்டும் பன்றி அந்த மண்புழுவை விழுங்கும். அப்படிப்பட்ட பன்றியின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால், மூச்சுக்குழலின் சளிக்குள் வெள்ளை நூலாகப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். வளர்ந்த பன்றி தாங்கிக்கொள்ளும். குட்டிதான் இருமி இளைக்கும். குளிர்காலம் வரவர இளகுவதால் குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. 2019-20 பருவத்தில் மட்டும் ஜெர்மனியில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் வேட்டையில் விழுந்தன. அவ்வளவு நெரிசல்.

புழுவுக்குப் பயந்து சதுப்பை வற்றடிப்பது முட்டாள்தனம். சோளத்தைக் குறைக்கலாம். அதைவிட, சுட்ட இடத்திலேயே வயிற்றைக் கிழித்துக் குடலைப் போட்டுவிட்டு வரும் பழக்கத்தை விடலாம். குடலோடு ஒட்டிய கொழுப்பும் சவ்வும் நரிக்கும் ரக்கூன் நாய்க்கும் விருந்து. அலாரியா புழுவுக்கு அடுத்த வீடு. 2020-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிராண்டன்பர்க்குக்குள் வந்தபின், நோய் கண்ட பகுதிகளில் அந்தக் கழிவை அள்ளி எடுத்துவரச் சொன்னார்கள். மற்ற காடுகளிலும் அதையே செய்யச் சொல்லலாம். மூடி போட்ட வாளிக்கு என்ன பெரிய செலவு?