உள்ளிருக்கும் ஊர் – 9: நல்லியும் நெஞ்செலும்பும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக் கறிக்கடை முன்னால் நிற்கிற கூட்டத்தில் உடற்கூறியல் படித்தவர் யாரும் இல்லை. ஆனாலும் ஒருவர், "பாய், நல்லி ரெண்டு சேத்துப் போடுங்க" என்கிறார். அடுத்தவர், "சூப்புக்கு நெஞ்செலும்பு கால் கிலோ" என்கிறார். பாயாவுக்கு வந்தவர் நாலு காலை வாட்டித் தரச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கிறார். கடைக்காரர் யாரிடமும் எது என்று திருப்பிக் கேட்பதில்லை. எலும்பை வகை பிரிக்கும் வேலையை நம் நாக்கு எப்போதோ முடித்துவிட்டது. மருத்துவக் கல்லூரிப் புத்தகமும் உருவத்தை வைத்துத்தான் பிரிக்கிறது: நீண்டது, குட்டையானது, தட்டையானது, எதிலும் சேராதது, தசைநாணுக்குள் விளைவது.

நல்லியில் தொடங்குவோம். அதுதான் நெட்டெலும்பு. இரண்டு பக்கமும் பருத்த முனை, நடுவே குழாய். தட்டில் தட்டி உறிஞ்சுவதற்கு வசதியாக ஆண்டவன் அப்படிப் படைக்கவில்லை. ஒரே எடை இரும்பைக் கம்பியாக அடிப்பதைவிடக் குழாயாகச் செய்தால் சுலபத்தில் வளையாது. சைக்கிள் பார் குழாயாக இருப்பதும் அதனால்தான். நம் தொடையெலும்புக்கும் அதே கணக்கு. விரல் எலும்புகூட நெட்டெலும்புதான் என்றால் முதலில் நம்ப முடிவதில்லை. அளவு முக்கியமில்லை, நடுத்தண்டும் இரு முனையும் இருந்தால் போதும்.

அந்தப் பருத்த முனைக்குள்ளேதான் அதிசயம். வெட்டிப் பார்த்தால் பஞ்சுபோல் துளை துளையாக இருக்கும். 1860களில் சூரிச் நகரில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் தொடையெலும்பின் தலையை நெடுக்காக அறுத்து, அதற்குள் ஓடும் மெல்லிய எலும்பு இழைகளை வரைந்துவைத்திருந்தார். பாலமும் கட்டுமானமும் கற்பித்த பொறியாளர் கார்ல் கல்மன் அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். பாரந்தூக்கியின் வளைந்த கையில் எடை எந்தெந்தக் கோடுகளில் இறங்குமோ, ஏறக்குறைய அதே கோடுகளில் இழைகள் ஓடின. பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை விதியாகவே எழுதினார்: எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. டென்னிஸ் வீரரின் ஆடும் கையில் எலும்பு தடிக்கிறது. சுமையே இல்லாத விண்வெளியில் தங்குபவர்களுக்கு இடுப்பு, தொடைப் பகுதிகளில் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் கரைகிறது. கொத்தனார் ஒருவர் உள்ளே குடியிருந்து, தேவையில்லாத சுவரை இடித்து, தேவையான இடத்தில் பூசிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லி தின்றால் ரத்தம் ஊறும் என்பார் என் அத்தை. பாதி சரி. எலும்பு மஜ்ஜையில்தான் ரத்தம் பிறக்கிறது. நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள். ஆனால் வளர்ந்த மனிதரின் கை கால் குழாய்களில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள் மஜ்ஜை, அதாவது கொழுப்பு. சிவப்பு மஜ்ஜை ஒதுங்கியிருக்கும் இடங்கள் மார்பெலும்பு, விலா, மண்டையோடு, முதுகெலும்பு, இடுப்பெலும்பு. மஜ்ஜைப் பரிசோதனை என்றால் மருத்துவர் காலைத் தொடாமல் இடுப்பின் பின்பக்கம் ஊசியை இறக்குவது அதனால்தான். இவற்றில் பலவும் தட்டை எலும்புகள்; அவற்றைக் கவசம் என்று மட்டும் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். மூளைக்கும் நெஞ்சுக்கும் அவை கவசம்தான். ரத்தத் தொழிற்சாலை என்பதை முதலில் சொல்லியிருக்கலாம்.

குட்டை எலும்புகள் மணிக்கட்டில் எட்டு, கணுக்காலில் ஏழு. ஒன்றோடொன்று நெருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கையை எல்லாப் பக்கமும் திருப்ப விடுபவை. இவற்றில் படகெலும்பு என்று ஒன்று உண்டு. விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டின் எட்டில் பெரும்பாலும் அடிபடுவது இதுதான். ஈரக் குளியலறையில் நான் விழுந்தபோது சுளுக்கு என்று நம்பி மூன்று வாரம் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தேன். செய்யக் கூடாத காரியம். படகெலும்புக்கு ரத்தக் குழாய் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு பட்டினி கிடக்க நேரலாம். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப்போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஒழுங்கற்ற எலும்பு என்பது, என்னைக் கேட்டால், பெயர் வைத்தவர்கள் கைவிரித்த இடம். முள்ளெலும்பு ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். முன்னால் எடை தாங்கும் உருளை, பின்னால் தண்டுவடம் போகும் வளையம், பக்கத்தில் தசைகள் பிடித்துக்கொள்ள நீட்டல்கள். இதைவிட ஒழுங்காக எதைச் செய்வது?

கடைசி வகைக்கு எள் எலும்பு என்று பொருள்படும் பெயர். எள் அளவு இருக்கும் என்று வைத்தது; அதில் ஆகப் பெரியது முட்டிச் சில்லு! முன்தொடைத் தசையின் நாணுக்குள் புதைந்து கிடக்கிறது. நாணை மூட்டிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால், காலை நீட்டத் தசைக்குக் குறைந்த பலம் போதும். கிணற்று நீர் இறைக்கும் ராட்டினம் நினைவுக்கு வருகிறது. பிறந்த குழந்தைக்கு அந்த இடத்தில் வெறும் குருத்தெலும்புதான். மூன்று வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் எலும்பாகத் தொடங்கும். மற்ற இடங்களில் கதை தலைகீழ். பிறக்கும்போது 270 அளவில் இருப்பவை ஒட்டி ஒட்டி 206 ஆகின்றன.

அந்த 206உம் எல்லோருக்கும் உறுதியில்லை. முட்டிக்குப் பின்னால், கெண்டைத்தசை நாணுக்குள் சிலருக்கு அவரை விதைபோல் ஓர் எலும்பு இருக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, 1918இல் 11 சதவீதம் பேருக்கு இருந்தது, 2018இல் 39 சதவீதம் பேருக்கு. நம் உணவும் உடல் எடையும் கூடியது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

போன வருடம் வலது முட்டி வலிக்கு எடுத்த படத்தில் பின்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. "அது உங்களுக்கு எக்ஸ்ட்ரா சார்" என்று சிரித்தார் மருத்துவர். அப்படியானால் என் கணக்கு 207. இடது முட்டியை இன்னும் படம் எடுக்கவில்லை.

(தொடரும்)