உங்களுக்குத் தெரியுமா? பத்து அசையில் ஒரு நோய்

● எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ். திருவனந்தபுரத்து இதய மருத்துவர்களுக்கு நெடுநாள் பழகிய பெயர். அவசரத்துக்கு ‘ஈ.எம்.எஃப்.’ முழுசாகச் சொல்ல ஆசைப்பட்டால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: எண்-டோ-மை-ஓ-கார்-டி-அல், ஏழு அசை, ஃபை-ப்ரோ-சிஸ், மூன்று. ‘கார்’, ‘ப்ரோ’ இரண்டிலும் அழுத்தம். நாம் ‘மயோ’ என்று ஓட்டிவிடுவது ஆங்கிலேயர் வாயில் ‘மை-ஓ’.

● எண்டோ என்றால் உள்ளே, மயோ தசை, கார்டியா இதயம்; மூன்றும் கிரேக்கச் சரக்கு. ஃபைப்ரா மட்டும் லத்தீன், நார் என்று பொருள். இதயத்தின் உட்சவ்விலும் அதையொட்டிய தசையிலும் நார்த்திசு படர்ந்து தடிக்கும் நோய் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

● பழைய கிரேக்கத்தில் தசைக்கும் எலிக்கும் ஒரே சொல். லத்தீன்காரர்களும் விடவில்லை: ஆங்கில ‘மசில்’ அவர்களுடைய ‘சுண்டெலி’யிலிருந்து வந்தது. பயில்வான்கள் மன்னிக்க!

● 1948இல் உகாண்டாவில் ஜே.என்.பி. டேவிஸ் இந்நோயை விவரித்தார். இந்தியாவில் இது அதிகம் தென்பட்டது கேரளத்தில். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும். உட்புறம் தடித்த கீழறை விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது, வால்வும் ஒழுகும். வயிற்றில் நீர் கோத்துப் பானையாகும், காலோ அவ்வளவாக வீங்காது.

● தடித்த உட்சவ்வை உரித்தெடுக்கும் அறுவைக்குப் பெயர் எண்டோகார்டியெக்டமி. ‘எக்டமி’ வால் எங்கே வந்தாலும் வெட்டி எடுத்தாயிற்று என்று பொருள். கூடவே பழுதான வால்வையும் மாற்ற வேண்டியிருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் இந்த அறுவையைச் செய்த இடம். செயற்கை வால்வையே சொந்தமாக உருவாக்கிய இடமும் அதுதான். முதல் மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது, 1990 டிசம்பர் 6இல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வட்டு பிளாஸ்டிக் வகை, கூடு கோபால்ட் உலோகக் கலவை.

● அந்நிறுவனத்தை வளர்த்த அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் நோயின் காரணத்தை மண்ணில் தேடினார். கேரளக் கடலோர மோனசைட் மணலில் சீரியம் ஏராளம். உடலில் மெக்னீசியம் குறைந்து சீரியம் ஏறினால் இதயச் சவ்வு கெடுமோ என்பது அவர் குழுவின் கருதுகோள். மரவள்ளிக்கிழங்கு, ஒட்டுண்ணிகள், சத்துக்குறைவு மீதும் சிலருக்குச் சந்தேகம். எதுவும் முடிவாகவில்லை. பெயர் நோயின் இடத்தைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

● அந்த மோனசைட்டை உலகம் கவனித்தது தேங்காய்நார் வழியாக! மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஏற்றுமதியான கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அடையாளம் கண்டார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியமும் துளி சீரியமும் இம்மணலிலிருந்தே கிடைத்தன.

● கேரளத்தில் இப்போது புதிய ஈ.எம்.எஃப். நோயாளிகள் அபூர்வம். வாழ்க்கைத்தரம் உயர்ந்ததே காரணம் என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். மணல் அப்படியேதான் கிடக்கிறது.