சீட்டுக் கலைக்கும் இயந்திரம்: ஓட்டிப் பார்த்து வாங்குங்கள், சொல்லி விற்றுவிடுங்கள்

பலசரக்குக் கடையில் சீட்டுக்கட்டு ஒரு மூலைச் சரக்கு. மெழுகுவத்தி, செல், சோப்பு டப்பாக்களுக்கு நடுவே நாலு கட்டு கிடக்கும். கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு என்றால் தேடி வந்து கேட்பார்கள். இப்போது அதன் பக்கத்திலேயே இன்னொரு பொருளும் வந்திருக்கிறது. செல் போட்டு, பொத்தானை அழுத்தினால் தானாகவே சீட்டுக் கலைத்துத் தரும் சிறு இயந்திரம்.

“அண்ணாச்சி, இது ஒழுங்கா ஓடுமா?” என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும். “பெட்டியில் போட்டிருக்கிறதே” என்பது வியாபாரி சொல்லும் பதில் ஆகாது.

யாருக்கு இது தேவை?

விளையாட்டுச் சாமான் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் ரம்மி ஆட இரண்டு கட்டு வேண்டும். அதாவது 104 சீட்டு. ஜோக்கர்களும் சேர்ந்தால் அதற்கும் மேல். இவ்வளவையும் ஒரு கைப்பிடியில் அடக்கிக் கலைப்பது இளைஞர்களுக்கே சிரமம். விரல் மூட்டு வலியும் கை நடுக்கமும் உள்ள பெரியவர்களுக்கு அதுவே ஆட்டத்தை விட்டுவிடக் காரணமாகிவிடுகிறது. பணி ஓய்வு பெற்று, மாலையில் நாலு பேராக உட்காரும் இவர்கள்தான் இந்தப் பொருளுக்கு உண்மையான வாடிக்கையாளர்கள். நமது கடைக்குப் பல வருடங்களாக வருகிறவர்களும் இவர்களே. இவர்களிடம் ஓடாத சரக்கைத் தள்ளிவிட்டால் போவது இயந்திரத்தின் விலை மட்டுமல்ல.

வேலை செய்யும் விதம்

உள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டு. கட்டைப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் வைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒரு ரப்பர் உருளை இருக்கும். மோட்டார் சுழலும்போது உருளை அடிச் சீட்டை இழுத்து நடுப்பெட்டிக்குள் தள்ளும். இரு பக்கத்துச் சீட்டுகளும் மாறி மாறி விழுந்து கலந்துவிடும். ஒரு ஓட்டத்துக்குச் சில விநாடிகளே ஆகும்.

பழுது வரும் இடங்களும் இவைதான். உருளையில் அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்தால் சீட்டை இழுக்காமல் வழுக்கும். செல்லின் சக்தி குறைந்தால் ஒரு பக்கம் வேகமாகவும் மறு பக்கம் மெதுவாகவும் ஓடும். சீட்டு வளைந்திருந்தால் வாயில் சிக்கும். மழைக்காலத்தில் காகிதச் சீட்டு ஈரம் வாங்கி வளைந்துவிடும். முறுக்கு, பஜ்ஜி தின்ற கையோடு ஆடிய கட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்றாக விழும். ஆகவே “இயந்திரம் கெட்டுவிட்டது” என்று திரும்பி வருவதில் பல, உண்மையில் சீட்டின் குறையாகவோ செல்லின் குறையாகவோ இருக்கக்கூடும்.

அளவும் முக்கியம். சீட்டில் இரண்டு அகலம் உண்டு: போக்கர் அளவு சுமார் 63 மில்லிமீட்டர், பிரிட்ஜ் அளவு சுமார் 57 மில்லிமீட்டர். உயரம் இரண்டுக்கும் ஏறக்குறைய 88. அகலச் சீட்டுக்குச் செய்த தட்டில் ஒடுக்கச் சீட்டை வைத்தால் கோணலாகப் போய்ச் சிக்கும். நமது கடையில் எந்தக் கட்டு அதிகம் விற்கிறதோ, அந்தக் கட்டு அதில் ஓடுகிறதா என்பதே கேள்வி.

ஒரு முறை ஓட்டினால் போதுமா?

போதாது. இதைப் பெட்டியின் மேல் யாரும் எழுதுவதில்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை 68 இலக்கம் கொண்ட எண். அமெரிக்கக் கணித அறிஞர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டை இரண்டாகப் பிரித்துக் கோத்துக் கலைக்கும் முறையில் ஒரு கட்டு நன்றாகக் கலைய ஏறத்தாழ 7 முறை வேண்டும் என்று காட்டினார்கள். இரண்டு கட்டு சேர்ந்தால் இன்னும் ஒன்றிரண்டு முறை கூடுதலாக வேண்டும்.

சூதாட்ட விடுதிகளுக்கென்று செய்யப்படும் விலையுயர்ந்த இயந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. அப்படிப்பட்ட, 10 அடுக்குகள் கொண்ட ஓர் இயந்திரத்தை டயகோனிசும் ஜேசன் ஃபுல்மன், சூசன் ஹோம்ஸ் ஆகியோரும் ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். நன்கு கலைந்த கட்டில் ஒவ்வொரு சீட்டாக ஊகித்துக்கொண்டே வந்தால் சராசரியாக நாலைந்துதான் சரியாக வரும். அந்த இயந்திரத்தில் ஒரே ஒரு முறை போட்டு எடுத்த கட்டிலோ, ஒன்பது பத்து வரை சரியாகச் சொல்ல முடிந்தது. அதற்கே அந்த நிலை என்றால் நாலு செல்லில் ஓடும் வீட்டு இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கலைப்பு ரொம்ப ஒழுங்காக இருந்தாலும் ஆபத்து. சரிபாதியாகப் பிரித்து, மேல் சீட்டு மேலேயே இருக்கும்படி, ஒன்றுவிட்டு ஒன்றாகத் துல்லியமாகக் கோத்துக்கொண்டே போனால், 52 சீட்டும் எட்டாவது முறையில் பழைய வரிசைக்கே திரும்பிவிடும்! எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கட்டை எடுத்துக் கையால் ஒரு வெட்டு வெட்டி, மறுபடி பிரித்து வைப்பது நல்லது.

மேஜை மேல் ஒரு சோதனை

மொத்த வியாபாரி மாதிரி காட்டும்போது கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள். கால் மணி நேரம் போதும்.

முதலாவது, நமது கடையில் விற்கும் கட்டு ஒன்றை எடுத்து, 26 சிவப்புச் சீட்டை ஒரு தட்டிலும் 26 கறுப்புச் சீட்டை மறு தட்டிலும் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். எடுத்து விரித்துப் பாருங்கள். ஒரே நிறம் ஒன்று, இரண்டு, மூன்றாக வந்தால் நல்லது. ஐந்து ஆறாகக் கட்டி கட்டியாக வந்தால் உருளை வழுக்குகிறது என்று பொருள்.

இரண்டாவது, அதே கட்டை நிறுத்தாமல் 20 முறை ஓட்டி, எத்தனை முறை சிக்குகிறது என்று எண்ணுங்கள். சிக்கியதை எடுக்கும்போது சீட்டின் முனை மடங்குகிறதா என்றும் பாருங்கள். சீட்டைக் கெடுக்கும் இயந்திரம் எந்த விலைக்கும் வேண்டாம்.

மூன்றாவது, இரண்டு கட்டு கொள்ளும் என்று சொன்னால், ஜோக்கரோடு முழுவதையும் வைத்துப் பாருங்கள். பல இயந்திரங்கள் இங்கேதான் திணறும்.

நாலாவது, எந்தச் செல் என்று கேளுங்கள். சாதாரணப் பென்சில் செல் என்றால் அது நம் கடையிலேயே கிடைக்கும். அடிக்கடி கிடைக்காத பருமனில் செல் கேட்கும் இயந்திரத்தை வாங்கியவர் அடுத்த மாதமே நம்மைத் தேடி வருவார்.

பெட்டியில் பெயர் இருக்கிறதா?

இந்தச் சரக்கில் வெளிநாட்டிலிருந்து வருவதும் உண்டு. 2011-ஆம் வருடத்திய சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், வரி உள்ளிட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் தெரிவிக்க வேண்டிய விவரம் ஆகியவை இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கானால் எந்த நாட்டுச் சரக்கு என்பதும் வேண்டும்.

இது வெறும் சம்பிரதாயம் அல்ல. 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருடத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளின் குறையால் வாங்கியவருக்குக் காயமோ உடைமைச் சேதமோ ஏற்பட்டு, தயாரித்தவர் யாரென்று தெரியாமல் போனால், விற்றவரே பொறுப்பேற்க நேரிடும் என்று இருக்கிறது. யூ.எஸ்.பி. வயரில் மின்னேற்றும் பேட்டரி உள்ள இயந்திரங்களில் இதை இருமடங்கு கவனியுங்கள். பெயரில்லாப் பெட்டியை மலிவு என்று வாங்கினால், அதன் பெயர் நம் கடைப் பெயராகிவிடும். கொள்முதலுக்கு முறையான பில் இல்லாமல் ஒரு பெட்டியும் இறக்க வேண்டாம்.

சீட்டு விற்பதே தவறோ என்று சிலர் தயங்குவதுண்டு. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், மூன்று சீட்டு போல வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. இடம் கொடுத்து ஆட்டத்தில் பணம் பார்ப்பது வேறு விஷயம். அது சட்டத்தில் மாட்டும். வீட்டில் பொழுதுபோக்காக ஆடுவோருக்குக் கட்டும் இயந்திரமும் விற்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

விற்கும் முறை

முதலில் இரண்டே இரண்டு எடுங்கள். ஒன்றைப் பிரித்து மேஜை மேல் வைத்து ஓட்டிக் காட்டுங்கள். வாங்குபவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஒரு ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை ஓட்ட வேண்டும்; வளையாத, சுத்தமான கட்டையே போட வேண்டும்; உருளையை அவ்வப்போது துணியால் துடைக்க வேண்டும். கூடவே புதுக் கட்டும் செல்லும் விற்பனையாகும். முதல் வாரத்தில் ஓடவில்லை என்றால் மாற்றித் தருவதாக மொத்த வியாபாரியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதே வாக்கை நாமும் வாடிக்கையாளருக்குத் தைரியமாகக் கொடுக்கலாம்.

சோதனையில் தேறாத இயந்திரத்துக்கு எவ்வளவு கழிவு கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேறியதை, அதன் குறையையும் சேர்த்துச் சொல்லி விற்றுவிடுங்கள். குறை தெரிந்து வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார். அடுத்த தீபாவளிக்கு இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு வருவார்.